வெளி வீதி

ஊர் காட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மதுரைக்கு வருகிறவர் என் வீட்டு விருந்தாளியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எதிர் வீட்டுக்கு வந்தவரானாலும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். "கதை எழுதிப் பிழைக்க முடியாமல் போனாலும் கவலை இல்லை, கோபுர வாசலில் போய் நின்றால் நாலு காசு கிடைக்கும்" என்று என் மனைவி சொல்வதுண்டு.

அதற்கென்று ஒரு ஜாபிதாவே வைத்திருந்தேன். முதல் நாள் காலை கோவில். தெற்குக் கோபுரத்துக்கு எதிரே விருந்தாளியை நிறுத்தி, "1559-ஆம் வருஷம், சிராமலைச் செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கட்டியது" என்று ஆரம்பிப்பேன். ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்கள்தான் என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவேன். மீதிப் பதினைந்து எங்கே என்று அவர் கேட்க வேண்டும். கேட்டால்தான், அந்த இடத்தில் இரண்டு சந்நிதிகள் இருக்கின்றன என்று நான் சொல்ல முடியும். மாலையில் திருமலை நாயக்கர் மகால். மறுநாள் வண்டியூர்த் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமாயிற்று, அங்கே தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் அகப்பட்டார் என்று ஊரில் சொல்லும் கதையை நானும் சொல்வேன். அப்புறம் மேல மாசி வீதியில், 1921 செப்டம்பரில் காந்தியடிகள் அரை வேட்டிக்கு மாறிய வீடு. நடுவே ஒரு ஜிகர்தண்டா. மூன்றாம் நாள் அழகர் கோவில்.

பத்துப் பதினைந்து வருஷமாக இந்த வரிசை மாறவில்லை. 2019 மார்கழியில்தான் மாறியது.

அந்த மாதம் வந்த நண்பர் மலேசியாக்காரர். பேராக் மாநிலத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர். என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, அதில் வைகைக் கரையில் ஒரு பாத்திரம் நடந்துபோகும் வழி தவறு என்று கடிதம் எழுதியவர். மதுரையையே பார்த்திராத ஒருவர் மதுரைக்காரனுக்கு வழி சொல்கிறாரே என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. விசாரித்துப் பார்த்ததில் அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஆகையால் நான் 'அண்ணே' ஆனேன். நேரில் பாராமலே என் மனைவி 'அண்ணி' ஆகிவிட்டாள்.

அவர்கள் பள்ளிக்கு டிசம்பரில் நீண்ட விடுமுறை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் வந்து இறங்கினார். தோளில் ஒரே ஒரு பை. வீட்டுக்கு வந்து காப்பி சாப்பிட்டதும் நான் என் மூன்று நாள் திட்டத்தை ஒப்பித்தேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சற்றுக் கூச்சத்துடன், "அண்ணே, அஷ்டமிச் சப்பரம் என்னைக்கு?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆவணி மூல வீதியில் பிறந்து வளர்ந்தவன் நான். சித்திரைத் திருவிழா, தெப்பம், ஆவணி மூலம் எல்லாம் விரல் நுனியில் இருக்கின்றன. அஷ்டமிச் சப்பரத்தைச் சிறு பையனாக இருந்தபோது பார்த்ததோடு சரி. என் மனைவிதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "நாளை மறுநாள் காலையில்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மதுரையின் வீதிகள் கோவிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்தவை. கோவிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கப்பால் மாசி வீதி, எல்லாவற்றுக்கும் கடைசியில் வெளி வீதி. ஒவ்வொரு திருவிழாவுக்கும் சுவாமி புறப்பாடு எந்த வீதியில் என்று கணக்கு உண்டு. பெரிய தேரே மாசி வீதியோடு திரும்பிவிடும். மார்கழி மாதத்துத் தேய்பிறை அஷ்டமியில்தான் சுவாமியும் அம்மனும் தனித்தனிச் சப்பரத்தில் வெளி வீதிகளைச் சுற்றி வருகிறார்கள். எல்லா உயிருக்கும் படியளக்கிறவர் அவர் என்பதற்கு அடையாளமாக வழியெல்லாம் அரிசி இறைத்துக்கொண்டு போவார்கள். தரையில் விழுந்த அரிசியைப் பொறுக்கி வீட்டில் வைத்துக்கொண்டால் அந்த வீட்டில் சோற்றுக்குக் குறைவு வராது என்பது நம்பிக்கை.

"சப்பரம் நாளை மறுநாள்தானே! அதற்குள் கோவிலைப் பார்த்துவிடலாம்" என்று நான் அவரைக் கிளப்பினேன்.

முதலில் புது மண்டபத்துக்குள் போனோம். அப்போது அங்கே தையற்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன. பிற்பாடு அவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. கல் தூணில் நாயக்க மன்னர் கைகூப்பி நிற்க, அவர் காலடியில் ஒருவர் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார். நண்பர் அதை ரசித்தார். பிறகு செல்பேசிகளைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு கோவிலுக்குள் போனோம். நான் என் வழக்கமான பிரசங்கத்தை நடத்தினேன். 985 என்றேன். அவர் பதினைந்தைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மன் சந்நிதியில் கண்ணை மூடி நின்றார். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தபோது, "உள்ளே இப்படித்தான் இருக்குமா!" என்றார். யாரிடமோ கேட்டு வைத்துக்கொண்ட ஒரு சந்தேகம் தீர்ந்தது போல் இருந்தது அவர் குரல்.

அங்கே உட்கார்ந்துதான் அவருடைய தாத்தாவின் கதையைச் சொன்னார்.

தாத்தாவுக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். வைக்கோல் பாரம் ஏற்றிக்கொண்டு அவருடைய அப்பாவோடு மதுரைக்கு வருவாராம். தீண்டத் தகாதவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த ஜனங்களைச் சேர்ந்தவர். கோவிலுக்குள் போக முடியாது. ஆனால் நாலு கோபுரத்தையும் நாலு பக்கமிருந்தும் பார்த்து வைத்திருந்தார். எந்த இடத்தில் நின்றால் எந்தக் கோபுரம் தெரியும், எந்தத் திருப்பத்தில் மறையும், ஆற்றிலிருந்து வந்தால் முதலில் கண்ணில் படுவது எது - எல்லாம் மனப்பாடம். பேரனுக்கு அவர் சொல்லிக் கொடுத்த மதுரை அதுதான். என் நாவலில் வழி தவறு என்று நண்பர் கண்டுபிடித்ததும் அந்தப் பாடத்தை வைத்துத்தான்.

"உள்ளே எப்படி இருக்கும் தாத்தான்னு கேட்டா, எனக்குத் தெரியாதுடா, நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுன்னுவார், அண்ணே. வருஷத்துல ஒரு நாள் சாமி நம்மளைப் பார்க்க வெளி வீதிக்கு வரும்னு சொல்வார்."

1936-இல் கங்காணி ஒருவனோடு நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினார் தாத்தா. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. முந்தின மார்கழியில் வெளி வீதியில் பொறுக்கிய அரிசியை ஒரு சுண்ணாம்புக் கரண்டகத்தில் போட்டு மடியில் செருகிக்கொண்டு போனாராம். பினாங்கில் இறங்கி, அங்கிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசியைக் கண்ணில் காணாமல், தோட்டமே மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று கிடந்திருக்கிறது. அப்போதும் அந்தக் கரண்டகத்தைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் ஒருவர் வாய்க்குப் போதாது. பிற்பாடு அரிசி உளுத்துப் பொடியாகிவிட்டது. கரண்டகம் மட்டும் மிஞ்சியது.

நண்பர் பைக்குள் கைவிட்டு அதை எடுத்துக் காட்டினார். பித்தளை. என் கட்டை விரல் அளவு இருந்தது.

அன்று மாலை மகாலுக்குப் போகவில்லை. தாத்தா நடந்த வழியில் நடக்கலாம் என்றார். வெளி வீதிக்குப் போனோம். பேசாமல் வர என்னால் முடியுமா? இந்த வெளி வீதி கோட்டை இருந்த இடம், 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார், அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர்கள் பெயரால்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் வழங்குகின்றன என்றெல்லாம் சொன்னேன்.

"அந்தச் சுவரை இடிச்சு நூறு வருஷம் கழிச்சுத்தானே அண்ணே கோவில் கதவு திறந்தது?" என்றார் நண்பர்.

"1939 ஜூலை 8" என்றேன். அதுவும் எனக்கு மனப்பாடம். வக்கீல் வைத்தியநாதய்யர் முன்னால் நின்றது, தாழ்த்தப்பட்டவர்கள் ஐந்து பேரும் நாடார் ஒருவரும் அவருடன் உள்ளே போனது, அந்த ஐவரில் ஒருவரான கக்கன் பிற்காலத்தில் மந்திரியானது, கோவில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றது, ராஜாஜி சர்க்கார் உடனே சட்டம் செய்து அவர்களைக் காப்பாற்றியது, அதுவரை இந்தக் கோவிலுக்குள் வர மறுத்திருந்த காந்தியடிகள் 1946-இல் வந்து தரிசித்தது எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லி முடித்தேன்.

"கக்கன் ஐயா எங்க தாத்தா ஊர்ப் பக்கம்தான்" என்றார் நண்பர் சந்தோஷமாக. "மூணு வருஷம் பொறுத்திருந்தா தாத்தாவும் உள்ளே போயிருப்பார்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டார்: "நீங்கள்ளாம் கோவிலுக்குப் பக்கத்துலயே இருந்த குடும்பமாச்சே. அன்னைக்கு உங்க வீட்டுல எப்படி இருந்திச்சாம், அண்ணே? ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க இல்ல?"

"அது எந்தக் காலம்! யாருக்கு ஞாபகம் இருக்கிறது?" என்றேன்.

சொன்னது பொய். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

என் தாத்தா ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். ஆசாரசீலர். தினம் விடியற்காலையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கோவிலுக்குப் போய்வந்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் குடிப்பார். 1939 ஜூலையில் அந்த வழக்கத்தை நிறுத்தினார். கோவில் தீட்டுப்பட்டுவிட்டது என்பது அவருடைய கட்சி. அப்படி நிறுத்திக்கொண்டவர்கள் ஊரில் வேறு சிலரும் இருந்தார்கள். ஆறு வருஷம் தாத்தா அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. கோபுரத்தைப் பார்க்கும்படி நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

பாட்டிதான் இதைச் சொன்னாள். பாட்டி மட்டும் பூ வாங்கி வருகிறேன், கறிகாய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாரம் இரண்டு தடவை அம்மனைப் பார்த்துவிட்டு வந்துவிடுவாளாம். "ஒரு முழம் பூவுக்கு ஒரு மணி நேரமா என்று கேட்பார். பேரம் பேசினேன் என்பேன்" என்று பொக்கை வாய் திறந்து சிரிப்பாள். எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கைக் கதை. கல்யாணம், கார்த்திகை என்று உறவினர் கூடும்போதெல்லாம் பாட்டியின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சிரிப்போம். தாத்தா ஏன் கோவிலுக்குப் போகவில்லை என்பது அந்தச் சிரிப்புக்குள்ளே ஒளிந்துகொள்ளும். நானும் சிரித்திருக்கிறேன். எத்தனையோ விருந்தாளிகளிடம் 1939 ஜூலை 8-ஐப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தேதி எங்கள் வீட்டில் என்னவாக இருந்தது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த அறையில் நண்பர் நிம்மதியாகத் தூங்கினார். தாத்தாவின் வீடு அது. எந்த மனிதருடைய ஜனங்கள் உள்ளே வந்துவிட்டார்கள் என்று அவர் சுவாமியையே விலக்கி வைத்தாரோ, அந்த மனிதருடைய பேரன் அவர் கட்டிய அறையில் படுத்திருக்கிறார். வந்த இடத்தில் இதைச் சொல்லி அவர் மனத்தை ஏன் நோகச் செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் மனம் நோகும் என்பதைவிட என் மானம் போகும் என்பதே காரணம் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் தெப்பக்குளம் போனோம். நான் அதிகம் பேசவில்லை. "உடம்புக்கு என்ன, அண்ணே?" என்று அவர்கூடக் கேட்டார்.

அஷ்டமியன்று இருட்டோடு எழுந்து யானைக்கல்லைத் தாண்டி வடக்கு வெளி வீதியில் போய் நின்றோம். நல்ல பனி. வாசல்களில் பெரிது பெரிதாகக் கோலம். கடைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள் என்று கூட்டம் சேர்ந்தது. முதலில் சுவாமி சப்பரம் வந்தது. பின்னால் அம்மன் சப்பரம். அதன் வடத்தைப் பெண்களே இழுத்து வந்தார்கள். பள்ளிக்கூடச் சிறுமி முதல் என் பாட்டி வயதுக் கிழவி வரை வடத்தில் கை வைத்திருந்தார்கள். அரிசி எங்கள் தலையிலும் தோளிலும் சாலையிலும் விழுந்தது.

நண்பர் மண்டியிட்டார். தார்ச் சாலையிலிருந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிக் கரண்டகத்தில் போட்டார். அவசரப்படவில்லை. சுற்றிலும் எல்லோரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்க எடுக்கலையா, அண்ணே?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் சொன்னேன். சப்பரம் தாண்டிப் போன பிறகு, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டியின் பூவை விட்டுவிட்டு, தாத்தாவின் ஆறு வருஷத்தை மட்டும் சொன்னேன். முந்தின நாள் ஞாபகமில்லை என்றது பொய் என்பதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த டீயை முழுவதும் குடித்து முடித்தார். அந்த நேரம் எனக்கு மிக நீளமாகத் தெரிந்தது.

"ஆறு வருஷமா?" என்றார் கடைசியில். "பக்கத்துலயே இருந்துக்கிட்டு? பாவம், அண்ணே. அப்போ ரெண்டு தாத்தாவும் வெளியிலதான் நின்னிருக்காங்க."

அவர் அப்படிச் சொன்னது அவருடைய பெருந்தன்மை. அதை அப்படியே வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். மனம் வரவில்லை. "அப்படி இல்லை, தம்பி" என்றேன். "என் தாத்தா தாமாக நின்றவர். நினைத்தபோது திரும்பிப் போக முடிந்தது. ஆறாம் வருஷம் அத்தை கல்யாணத்துக்கு முன்னால் போகவும் போனார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. உங்கள் தாத்தாவை நிறுத்தி வைத்திருந்தார்கள். என் தாத்தாவைப் போன்றவர்கள்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள்."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "சொன்னீங்களே, அது போதும்" என்றார். போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் காலையில் அதற்கு மேல் பேச இருவரிடமும் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது, மூன்று நாளில் முதல் தடவையாக அவர் எனக்கு ஊர் காட்டினார். வெளி வீதியில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க நின்னா தாத்தாவுக்குத் தெற்குக் கோபுரம் தெரியுமாம்" என்றார். இப்போது மாடிக் கட்டடங்கள் மறைக்கின்றன. சற்றுத் தள்ளி இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விரற்கடை அளவு சந்து இருந்தது. அதன் வழியே எட்டிப் பார்த்தோம். கோபுரத்தின் உச்சி தெரிந்தது. அந்த வழியே ஆயிரம் தடவையாவது நடந்திருப்பேன். ஒருநாளும் அங்கே நின்று பார்த்ததில்லை.

அன்று மாலையே மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டேன். அழகர் கோவில் பாக்கி நின்றுவிட்டது. கிளம்புமுன் கரண்டகத்தைத் திறந்து, பாதி அரிசியை என் மனைவியின் உள்ளங்கையில் கொட்டினார். "அண்ணே எடுக்க மறந்துட்டார், அண்ணி" என்றார்.

அது எங்கள் பூஜை அலமாரியில் ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. மேலே சுவரில் தாத்தா படம். மொத்தம் இருபது மணி இருக்கலாம்; நான் எண்ணவில்லை.

இப்போதும் வருகிறவர்களுக்கு ஊர் காட்டுகிறேன். 1559-ஐயும் 985-ஐயும் விட்டுவிடவில்லை. ஆனால் தெற்குக் கோபுரத்துக்கு எதிரே ஆரம்பிப்பதில்லை. முதலில் வெளி வீதிக்கு அழைத்துப் போய், அந்தச் சந்து வழியாகக் கோபுரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 1939 ஜூலை 8-ஐச் சொல்லும்போது எங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிலர் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். அப்புறம் ஜிகர்தண்டா சாப்பிடப் போகிறோம்.